ஆள் உண்டா? (ஆ/இ)

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு, படிவத் துறையின் மூன்றாம் மாடியில் 'ஆமாம்சாமி' பிறக்கும்வரை, குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

மற்றத் துறைகள் நிரப்ப வேண்டிய படிவங்களைத் தயாரிப்பது படிவத் துறை. அது தொடங்கப்பட்ட நாளில் அங்கே நாற்காலிகள் மட்டுமே இருந்தன. வேலை பின்னால் வந்தது. ஆகவே துறையின் பொருள்களைச் சரிபார்க்க எழுதப்பட்ட கணினி நிரலும் நாற்காலியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பொருளின் எண்ணைக் கொடுத்தால் அது நான்கு கேள்விகள் கேட்கும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கும். அந்தப் பொறுமை துறையில் வேறு யாருக்கும் கிடையாது.

கால்கள் எத்தனை?
ஆடுகிறதா? (ஆ/இ)
ஆள் உண்டா? (ஆ/இ)
நேரில் பார்த்தீர்களா? (ஆ/இ)

'ஆ' என்றால் ஆம். 'இ' என்றால் இல்லை. பின்னாளில் மின்விசிறிகளும் இரும்புப் பெட்டகங்களும் சுவர்க் கடிகாரங்களும் வந்து சேர்ந்தன. கேள்விகளை மாற்ற ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு உட்கார நாற்காலிகள் வாங்கப்பட்டன. கேள்விகள் அப்படியே இருந்தன.

இந்த நான்கு கேள்விகளுக்கும் இருபத்தாறு ஆண்டுகளாகப் பதில் சொல்லிவந்தவர் கிடங்கு எழுத்தர். நல்ல மனிதர். ஒரே ஒரு கெட்ட பழக்கம்: கேள்வியைப் படிப்பார். படித்ததோடு நிற்காமல் எழுந்து போய்ப் பொருளைப் பார்ப்பார். நாற்காலி என்றால் குனிந்து கால்களை எண்ணுவார். மின்விசிறி என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து பூஜ்யம் போடுவார். 'ஆள் உண்டா?' என்ற கேள்விக்கு, அந்த நாற்காலியை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று அரை மணி நேரம் எதிரே நின்று பார்ப்பார். துறையில் மொத்தம் 11,246 பொருள்கள். முடிக்கப் பதினோரு மாதம் ஆகும். பன்னிரண்டாம் மாதம் முதுகு வலிக்கு. அலுவலகத்தில் அவருக்குக் காலெண்ணி என்று பெயர்.

அந்த ஆண்டு தலைமையகம் ஒரு கேடயம் அறிவித்தது. எல்லாப் பொருள்களையும் 'நூறு சதவீதம் நேரில் பார்த்து' மாத இறுதிக்குள் சரிபார்க்கும் அலுவலகத்துக்கு அந்தக் கேடயம். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. இயக்குநர் பார்கோடு ஸ்டிக்கர்களும் ஒரு ஸ்கேனரும் வரவழைத்தார். இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பைத் திறக்காமலே அதன் சாரத்தை உணர்ந்து கையெழுத்திடும் ஆற்றல் உள்ளவர்.

முதல் சோதனையை அவரே நடத்தினார். தம் நாற்காலியைத் துப்பாக்கிபோல் குறிபார்த்து அழுத்தினார். 'டிங்' என்றது. 10000001 என்ற எண் திரையில் விழுந்தது. நிரல் கேட்டது: கால்கள் எத்தனை? இயக்குநர் அதைக் கவனிக்காமல் பக்கத்து நாற்காலியையும் அழுத்தினார். ஸ்கேனருக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணைத் தட்டி எண்டரை அழுத்துவது மட்டுமே. 10000002 என்று தட்டியது. இயக்குநரின் நாற்காலிக்கு ஒரு கோடியே இரண்டு கால்கள் பதிவாயின.

"என் நாற்காலிக்கா?" என்றார் இயக்குநர். குரலில் வருத்தம் இல்லை.

"ஐயா, இந்த நிரல் ஒவ்வொரு கேள்வியா கேக்கும். இந்தத் துப்பாக்கிக்குக் கேள்வி கேக்கறது காதுல விழாது" என்றார் காலெண்ணி.

"அப்ப காது வெக்கச் சொல்லுங்க. கணினிப் பிரிவுல உங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரே?"

இருந்தார். காலெண்ணியின் மனைவிக்குத் தம்பி, அதாவது மச்சான். இருபது நிமிடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொண்டுவந்தார்.

"ரொம்பச் சின்ன விஷயம் அத்தான். ஸ்கேன் பண்ற எண்ணையெல்லாம் மொதல்ல ஒரு கோப்புல சேத்து வெச்சுக்கறோம். அப்புறம் இந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொரு எண்ணா எடுத்து நிரலுக்கு ஊட்டும். நிரல் கேள்வி கேட்டா இதுவே பதில் சொல்லிடும்."

"என்ன பதில் சொல்லும்?"

"கேள்வியில 'கால்'னு இருந்தா நாலு. மத்த எதுக்கும் ஆ."

"கேள்வியப் படிக்குமா?"

"எதுக்கு அத்தான் படிக்கணும்? கடைசியில கேள்விக்குறி வந்தா போதும்."

"மின்விசிறிக்கு நாலு காலா?"

"தொங்கறத யாரு எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணுவேன்."

"அதான் உங்களுக்குப் பதினோரு மாசம் ஆகுது."

இயக்குநர் ஸ்கிரிப்ட் ஓடுவதைப் பார்த்தார். நிரல் கேட்கக் கேட்க, திரையில் ஆ, ஆ, ஆ என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண் கலங்கியது.

"இப்படி ஒரு ஊழியரைத்தான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருந்தேன்."

அலுவலகம் அதற்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்தது. இயக்குநர் கோபித்துக்கொள்ளவில்லை. 'சாமி' என்றது தம்மைத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

வியாழனும் வெள்ளியும் ஸ்கேன் நடந்தது. மச்சான் மேதை. அவர் பொருள்களைப் பார்க்கவில்லை, ஸ்டிக்கர்களைப் பார்த்தார். பூட்டிய அறைகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ஸ்டிக்கர் தாளின் நகல் கையில் இருந்தது. அதையே மேசையில் விரித்து டிங், டிங் என்று சுட்டுத் தள்ளினார். காலெண்ணி பின்னாலேயே போனார். ஒட்டிய ஸ்டிக்கர் சரியான நாற்காலியில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார். குனியும்போது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை தரையைத் துடைத்தது. அதைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு மறுபடி குனிந்தார்.

அடையாள அட்டையிலும் பார்கோடு உண்டு.

டிங்.

வெள்ளி மாலை ஆமாம்சாமி நாற்பது நிமிடத்தில் மொத்தத்தையும் ஊட்டி முடித்தது. அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் நான்கு கால்கள் முளைத்தன. பெட்டகம் ஆடியது. சுவர்க் கடிகாரம் ஆடியது. கட்டடத்தின் மின்தூக்கி ஆடியது. எல்லாவற்றையும் நேரில் பார்த்ததாக இயக்குநர் கையெழுத்திட்டார். நூறு சதவீதம். அறிக்கை தலைமையகத்துக்குப் போனது. அவர்களும் படித்துப் பார்த்துப் பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை காலெண்ணி வாசலில் அட்டையை நீட்டினார். கதவு திறக்கவில்லை. வாசல் கதவும் அதே பதிவேட்டைத்தான் கேட்கும். காவலாளி திரையைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களைக் கழிச்சுட்டாங்கபோல."

"என்னது?"

"'கழிவுப் பொருள். வெளியேற்ற மட்டும்.' அப்படித்தான் வருது. வெளிய போறதுன்னா திறக்கும்ணே. உள்ள வர்றதுக்குத் திறக்காது."

"நான் வெளியதானே நிக்கறேன்?"

"அதனால உங்களுக்கு வேலை மிச்சம்."

காலெண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதிவுப்படி நான்கு காலும் ஓடவில்லை.

பொருள் வாசல் வழியாகப் பொருளாக உள்ளே போகலாம் என்று காவலாளியே வழி சொன்னார். அதற்குப் பெறுகைச் சீட்டு வேண்டும். சீட்டில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் கிடங்கு எழுத்தர் ஒருவரே. 'ஒரு பொருள், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தம்மைத் தாமே பெற்றுக்கொண்டு உள்ளே போனார்.

நடந்தது என்ன என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. அட்டையின் எண் பட்டியலில் இல்லை. நிரல் திகைத்து, வழக்கத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்டிருக்கிறது. 'பட்டியலில் இல்லை. சேர்க்கலாமா?' ஆமாம்சாமி: ஆ. எண்ணின் முதல் நான்கு இலக்கம் அவர் பணியில் சேர்ந்த ஆண்டு; புதிதாகச் சேரும் பொருளுக்கு அதையே நிரல் வாங்கிய ஆண்டாக எடுத்துக்கொள்ளும். நாற்காலியின் ஆயுள் பதினைந்து ஆண்டு. 'ஆயுள் முடிந்தது. கழிக்கலாமா?' ஆமாம்சாமி: ஆ. பிறகு வழக்கமான நான்கும். கால்கள் நான்கு. ஆடுகிறது. ஆள் உண்டு. நேரில் பார்த்தாயிற்று.

"சாரி அத்தான்" என்றார் மச்சான். "ஆனா பாருங்க, எங்கயும் நிக்காம ஓடியிருக்கு."

"இதை மாத்திடு."

"என்னால முடியாது. இயக்குநர்தான் 'நேரில் பார்க்கவில்லை'ன்னு ஒரு 'இ' போடணும். ஒரு 'இ' விழுந்தா மொத்தப் பதிவேடும் திறந்துக்கும். பதினோராயிரத்தையும் மறுபடி பாக்கணும். கேடயம் போயிடும்."

"போடலன்னா?"

மச்சான் சுவரில் ஒட்டியிருந்த கழிவு வண்டி அட்டவணையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கழிவு வண்டி வரும். பட்டியலில் உள்ளதை ஏற்றிக்கொண்டு வண்டிக்காரர் கையெழுத்திட்டதும் பதிவு பூட்டிக்கொள்ளும். பூட்டியதைத் திறப்பதற்கான படிவத்தைப் படிவத் துறை இன்னும் தயாரிக்கவில்லை. பூட்டிவிட்டால் காலெண்ணிக்கு வேலை இல்லை. ஓய்வுபெற நான்கு ஆண்டு பாக்கி. ஆனால் ஓய்வுபெறுவதற்கும் முதலில் ஆளாக இருந்தாக வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"உன் தம்பி என்னை நாற்காலி ஆக்கிட்டான்."

அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வீட்டுல ஒரு வேலை சொன்னா இடத்தை விட்டு நகர மாட்டீங்க. அது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விளையாடாத. காலை வாரிட்டான்."

"எங்க வாரினான்? ரெண்டு கால் சேத்துல்ல கொடுத்திருக்கான்!"

சிரித்துவிட்டு, மடிப்பதை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நெஜமாவே வேலை போயிடுமா?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு."

"போய் இயக்குநர் காலைப் பிடிங்க. இதுல என்ன மானம்? ரெண்டே ரெண்டு கால்."

"இருபத்தாறு வருஷமா சொந்தக் கால்ல நின்னவன் நான்."

"அப்படியே நின்னுக்கிட்டே இருங்க. வண்டிக்காரனுக்கு ஏத்த வசதி."

புதன்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர், நிர்வாக அலுவலர் அம்மாள், மச்சான். காலெண்ணி சுவரோரம் நின்றார். கழிக்கப்பட்ட பொருள் கூட்டத்தில் உட்காருவதற்கு விதியில் இடமில்லை. மூவரும் திரையையே பார்த்தார்கள். ஒருவரும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"அறிக்கையில தப்பு இருக்க வாய்ப்பே இல்ல" என்றார் இயக்குநர். "நேரில் பாத்ததா நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"ஐயா, நான் இங்கதான் நிக்கறேன்" என்றார் காலெண்ணி.

"அதையும் பதிவு மறுக்கல. 'ஆள் உண்டு'ன்னுதானே இருக்கு?"

"எனக்கு ரெண்டு கால்தாங்கய்யா."

நிர்வாக அலுவலர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். விதிகளில் கரைகண்டவர்.

"இது முக்கியமான விஷயம். பதிவுல நாலு இருக்கு. கைவசம் ரெண்டுதான் இருக்கு. அப்ப மிச்சம் ரெண்டு எங்க?"

"இந்தப் பொருள் யார் பொறுப்புல இருந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"கிடங்கு எழுத்தர் பொறுப்புலங்கய்யா" என்றார் அம்மாள்.

"கூப்பிடுங்க அவரை."

"இங்கதாங்கய்யா இருக்கேன்."

"உங்களை இல்ல. கிடங்கு எழுத்தரை."

அன்று மாலையே ஒரு குறிப்பாணை வெளியானது. 'கிடங்கு எழுத்தரின் பொறுப்பில் இருந்த பொருள் ஒன்றில் இரண்டு கால்கள் குறைவதாகத் தெரியவருகிறது. இது குறித்து அன்னார் மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.' காலெண்ணி அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். கழிக்கப்பட்டவருக்குக் குறிப்பாணை தர முடியுமா என்று கேட்க நினைத்தார். கேட்டால் அதற்கும் ஒரு குழு அமைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு மணிக்குத் தலைமையகத்து விருந்தினர் கேடயத்தோடு வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கே கழிவு வண்டி வந்து முகப்பை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் கையில் பட்டியல். உடைந்த அச்சுப்பொறிகள் பன்னிரண்டையும் தொட்டுத் தொட்டு எண்ணி ஏற்றினார். பதின்மூன்றாவதில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒண்ணு குறையுதே. 'கால் நாலு. ஆடும். ஆள் உண்டு.' என்னங்க இது? ஆளோட சேத்தா ஏத்தணும்?"

"அது நான்தான்" என்றார் காலெண்ணி.

வண்டிக்காரர் அவரைத் தலை முதல் பாதம்வரை பார்த்தார். அந்த வாரத்தில், அலுவலகத்தில் அவரை நேராகப் பார்த்த முதல் ஆள்.

"உங்களுக்கு ரெண்டுதானேங்க இருக்கு?"

காலெண்ணி குனிந்து எண்ணிப் பார்த்தார். "ஆமா. ரெண்டுதான்" என்றார்.

"அப்ப நீங்க இல்ல. பட்டியல்ல இருக்கறது வந்தாத்தான் வண்டிய எடுப்பேன். கொறையாக் கொண்டுபோனா அங்க என் தலைய உருட்டுவாங்க."

இயக்குநர் புதுச் சட்டையில் படியிறங்கி வந்தார். பின்னால் மடிக்கணினியைத் திறந்தபடி நிர்வாக அலுவலர் அம்மாள். முகப்பில் வண்டி நிற்பதைப் பார்த்ததும் இயக்குநர் கொதித்தார்.

"இன்னும் என்னய்யா இங்க நிறுத்திக்கிட்டு? விருந்தாளி வர்ற நேரம்!"

"நாலு கால் வேணும் சார்."

"எதையாவது நாலு கால் வர்ற மாதிரி ஏத்தி அனுப்புங்கய்யா! அதைக்கூட நான் வந்து சொல்லணுமா?"

காலெண்ணி இயக்குநரைப் பார்த்தார். வாய்மொழி உத்தரவும் உத்தரவே. அவர் முன்னால் போய், இருபத்தாறு வருடப் பழக்கத்தில், மெல்லக் குனிந்தார்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அட, எழுந்திருங்க. கால்லயெல்லாம் விழ வேண்டாம். எல்லாம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கிட்டுதாங்கய்யா இருக்கேன்." காலெண்ணி இயக்குநரின் கால்சட்டை நுனியை விரலால் தொட்டார். "ஒண்ணு. ரெண்டு." தம் கால்களைத் தொட்டார். "மூணு. நாலு." நிமிராமலே வண்டிக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, கால் சரியா இருக்கு. ஆடுதான்னு நீங்களே பாத்துக்குங்க."

வண்டிக்காரர் கிட்டே வந்து பார்த்தார். இயக்குநர் கோபத்தில் தலை முதல் கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆடுது" என்று பட்டியலில் குறித்துக்கொண்டு, வண்டியிலிருந்து கயிற்றை எடுத்தார்.

"யோவ்! என்னய்யா பண்றே? நான் இயக்குநர்!"

"அதெல்லாம் எழுதலயே சார். கால் நாலுன்னு இருக்கு, எண்ணிட்டேன். ஆடுது, பாத்துட்டேன்."

"நான் நாற்காலி இல்லய்யா! கண்ணைத் திறந்து பாரு!"

"ஐயா," என்றார் நிர்வாக அலுவலர் அம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பதிவுப்படி பார்த்தா இவர் சொல்றது பொருந்தித்தான் வருது."

"பதிவு தப்பும்மா! நான் எதையும் நேரில் பாக்கலை! போதுமா? 'இ' போடுங்க!"

"'இ' போட்டா கேடயம்…"

"நானே வண்டியில போயிட்டா கேடயத்தை யாரும்மா வாங்கறது? போடுங்க 'இ'!"

போட்டார்கள். அந்த ஆண்டு அந்த அலுவலகம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். பதிவேடு திறந்துகொண்டது. பதின்மூன்றாவது வரி மறைந்தது. வாசலில் காலெண்ணியின் அட்டையை வாங்கி நீட்டிப் பார்த்த காவலாளி, "உள்ளயும் திறக்குதுண்ணே!" என்று கத்தினார். காலெண்ணி குனிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். முதுகு பிடித்துக்கொண்டுவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு நிமிர்ந்தார்.

யாருக்கும் நஷ்டம் இல்லை. நான்கு மணிக்கு வந்த விருந்தினர், கொண்டுவந்த கேடயத்தைத் திரும்பக் கொண்டுபோவதற்கான படிவம் இல்லாததால், 'தன் தவறைத் தானே கண்டறிந்த சிறந்த அலுவலகம்' என்று பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆமாம்சாமி பதவி உயர்வில் தலைமையகத்துக்குப் போனது. அங்கே ஒப்புதல் பிரிவில் இருக்கிறது. சேர்ந்த முதல் நாளிலேயே பழைய ஆட்களோடு ஒன்றாகக் கலந்துவிட்டதாகவும், எது யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றும் கேள்வி.

திங்கட்கிழமை காலெண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முதல் எண் 10000001. இயக்குநரின் நாற்காலி.

"நான் உக்காந்திருக்கும்போதேவா?" என்றார் இயக்குநர். மேசையில் கோப்புகள் ஓர் ஆள் உயரம்.

"நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்கய்யா."

இயக்குநர் வேலையைப் பார்த்தார். ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து. ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து. எதையும் திறக்கவில்லை. காலெண்ணி குனிந்து எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது, காணாமல்போன இரண்டு கால்களைப் பற்றிய கோப்பு மேலே வந்திருந்தது. கிடங்கு எழுத்தர் மீது நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டிருந்தார்கள். உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. இயக்குநர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே அதிலும் கையெழுத்துப் போட்டார். அடுத்ததை இழுத்தார்.

காலெண்ணி கணினிக்குப் போனார்.

கால்கள் எத்தனை? 4.

ஆடுகிறதா? இ.

ஆள் உண்டா?

இங்கே அவர் நிறுத்தினார். இந்தக் கேள்விக்கு அவர் அவசரப்பட்டதே கிடையாது. எழுந்துபோய் அந்த அறையின் வாசலில் நின்றார். வழக்கப்படி அரை மணி நேரம் எதிரே நின்று பார்த்தார். நாற்காலியில் கையெழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, 'இ' என்று தட்டினார்.

நேரில் பார்த்தீர்களா?

ஆ.